கரையில் நிற்கும் கப்பலில் கற்றவை: ரொறன்ரோவின் யோர்க் கடற்படைச் சேமப்படைப் பிரிவு

ரொறன்ரோவில் ஏரியோரமாக லேக் ஷோர் புலவார் மேற்கில் போகிறவர்கள், கொரோனேஷன் பூங்காவை அண்டி நிற்கும் ஒரு கடற்படைக் கட்டடத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அருகே ஃபோர்ட் யோர்க் ஆமரி என்ற படைக் கட்டடமும், சற்று மேற்கே எக்ஸிபிஷன் மைதானத்தின் பெரிய வாயிலும் இருப்பதால் கண் அங்கேதான் போகும். அந்தக் கட்டடத்தின் பெயர் எச்.எம்.சி.எஸ். யோர்க். அத்திலாந்திக்கில் ஓடும் கனேடியப் போர்க்கப்பல்களின் பெயருக்கு முன் வரும், ‘மன்னரின் கனேடியக் கப்பல்’ என்று பொருள்படும் அதே எழுத்துகள் இதற்கும் உண்டு. கனடாவின் நகரங்களில் இப்படி 24 கடற்படைச் சேமப்படைப் பிரிவுகள், அதாவது பகுதிநேரக் கடற்படையினரின் பிரிவுகள், இருக்கின்றன. படித்துக்கொண்டும் பின்னர் வேலை செய்துகொண்டும் நான் பகுதிநேரமாகப் பணியாற்றியது இந்த யோர்க்கில். சேர நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

கரையில் உள்ள தளத்துக்குக் கப்பலின் பெயரைச் சூட்டுவது பிரித்தானியக் கடற்படையிலிருந்து வந்த வழக்கம். அங்கே ஒரு மாலுமியின் சம்பளமும் அவரைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கச் சட்டமும் ஏதோ ஒரு கப்பலின் பதிவேட்டில் அவர் பெயர் இருப்பதையே பொறுத்திருந்தன. ஆகவே கரையில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு கப்பல் தேவைப்பட்டது. 1804இல் மார்ட்டினிக் தீவுக்கு அருகே கடலில் செங்குத்தாக நிற்கும் டயமண்ட் ரொக் என்ற பாறையின் மேல் பீரங்கிகளை ஏற்றி, அந்தப் பாறையையே ஒரு போர்க்கப்பலாகப் பிரித்தானியர் பதிவு செய்தார்கள். கனடா இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. யோர்க்கின் உள்ளே தரை ‘டெக்’ ஆகிறது, சமையலறை ‘கலி’ ஆகிறது, வேலை முடிந்து வீட்டுக்குப் போவது ‘கரைக்குப் போவது’ ஆகிறது. புதிதாக வருபவர்களுக்கு இது வெறும் சடங்காகத் தெரியலாம். ஆனால் உண்மையான கப்பலில் நள்ளிரவில் ஒலிபெருக்கி ஓர் இடத்தின் பெயரைச் சொல்லும்போது, கேட்டவுடன் கால் அந்தத் திசையில் திரும்ப வேண்டும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தும் இடம் இந்தக் கட்டடம்தான்.

இந்தப் பிரிவுகள் எப்படி உருவாயின என்பதை அறியாமல் இவற்றின் மதிப்பை விளங்கிக்கொள்வது கடினம். முதல் உலகப்போர் முடிந்த பிறகு கனடாவில் கடற்படையை விரும்புவோர் அதிகம் இருக்கவில்லை. 1922இல் அரசு அதன் ஆண்டு நிதியை 25 இலட்சம் டொலரிலிருந்து 15 இலட்சமாக வெட்டியது. அரோரா என்ற பெரிய போர்க்கப்பலும் நீர்மூழ்கிகளும் சேவையிலிருந்து நீங்கின. கடற்படைக் கல்லூரி மூடப்பட்டது. அப்போது கடற்படையை நடத்திய வால்டர் ஹோஸ் எடுத்த முடிவு, கனேடியக் கடற்படை வரலாற்றில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகத் தொலைநோக்கானது என்பது என் துணிபு. மிஞ்சிய சிறு தொகையை இரண்டு நாசகாரிக் கப்பல்களோடு முடக்கிவிடாமல், கடலைக் கண்ணால் காணாத நகரங்களிலெல்லாம் தொண்டர் பிரிவுகளைத் தொடங்கச் செய்தார். அரச கனேடியக் கடற்படைத் தொண்டர் சேமப்படை 1923 ஜனவரியில் பிறந்தது. ரொறன்ரோ, ஹமில்ரன், வினிபெக் போன்ற நகரங்களில் எழுதுவினைஞர்களும் கடைச் சிப்பந்திகளும் மாணவர்களும் வேலை முடிந்த மாலைகளில் கூடி, கயிறு கட்டவும் கொடிச் சைகை வாசிக்கவும் அணிநடை போடவும் பழகினார்கள். கடற்படை என்று ஒன்று தங்கள் நாட்டுக்கு இருக்கிறது என்பதை உள்நாட்டு மக்கள் நேரில் கண்டதும் அந்தப் பயிற்சி மண்டபங்களில்தான்.

அதன் பலன் 1939இல் தெரிந்தது. போர் தொடங்கியபோது கனடாவிடம் இருந்த முழுநேரக் கடற்படையினர் ஏறத்தாழ 1,800 பேர். போர் முடியும்போது அந்த எண்ணிக்கை ஒரு இலட்சத்தை நெருங்கியிருந்தது, அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தொண்டர் சேமப்படை வழியாக வந்தவர்கள். சரக்குக் கப்பல் தொடர்களைக் காத்துக்கொண்டு அத்திலாந்திக்கைக் கடந்த சிறிய கொர்வெற் கப்பல்களை, சில மாதங்களுக்கு முன் வங்கியிலும் வயலிலும் நின்றவர்களே ஓட்டினார்கள். தொண்டர் அதிகாரிகளின் சட்டைக் கைகளில் பொன்பட்டிகள் அலைபோல வளைந்திருக்கும், நேர்ப்பட்டி முழுநேர அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. அந்த வளைபட்டிக்காரர்கள் இல்லாமல் அந்தக் கடற்போரை நடத்தியிருக்க முடியாது. கனேடியக் கடற்படை 24 போர்க்கப்பல்களையும் சுமார் 2,000 உயிர்களையும் அதில் இழந்தது. ஒவ்வொரு ஆண்டும் மே மாத முதல் ஞாயிறன்று எல்லாப் பிரிவுகளிலும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. மூழ்கிய கப்பல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும்போது வரிசையில் நிற்பவர்கள் அசைவதில்லை.

நகரப் பிரிவுகள் 1941 நவம்பரில் முறைப்படி கப்பல்களாகப் பெயர் பெற்றன. ரொறன்ரோ பிரிவுக்கு நகரத்தின் பழைய பெயரான யோர்க் கிடைத்தது. 1813 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஏரிவழியாக வந்து இந்த ஊரைத் தாக்கியபோது அதற்குப் பெயர் யோர்க், ரொறன்ரோ என்று அது மாறியது 1834இல். போர்க்காலத்தில் எக்ஸிபிஷன் மைதானத்தின் ஒட்டோமோட்டிவ் கட்டடம் யோர்க்காகச் செயல்பட்டது. 1929இல் மோட்டார் வாகனங்களைக் காட்சிக்கு வைக்கக் கட்டிய மண்டபம் அது. அதன் தரையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சீருடை வாங்கி, முதல் பாடங்களைக் கற்று, ஹலிஃபாக்ஸுக்கு ரயிலேறினார்கள். இப்போது வர்த்தகக் கண்காட்சிகளும் திருமண விருந்துகளும் நடக்கும் அந்த மண்டபத்துக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் நினைப்பதுண்டு.

பெண்களின் வரலாற்றையும் தவறாமல் சொல்ல வேண்டும். கடற்படையின் பெண்கள் பிரிவு 1942 ஜூலையில் தொடங்கியது. அவர்களுக்கான அடிப்படைப் பயிற்சி, ஒன்ராறியோவின் கோல்ற் என்ற சிற்றூரில், கடலிலிருந்து மிகத் தொலைவில், கொனெஸ்ரோகா என்ற கரைக்கப்பலில் நடந்தது. அந்த ஊர் இன்றைய கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதி. கொனெஸ்ரோகாவின் கட்டளை அதிகாரியாக ஹலிஃபாக்ஸைச் சேர்ந்த இசபெல் மக்னீல் பொறுப்பேற்றார். ‘கப்பல்’ என்று பதிவான ஒன்றைப் பிரித்தானியப் பொதுநலவாயத்தில் கட்டளையிட்ட முதல் பெண் அவர்தான். யோர்க்கில் எங்களுக்குக் கயிறும் தீயணைப்பும் கற்பித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள், அதை யாரும் ஒரு புதுமையாகப் பேசவில்லை. அந்த இயல்பு நிலைக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதை நான் கொனெஸ்ரோகாவைப் பற்றி வாசித்தபோதுதான் உணர்ந்தேன்.

போருக்குப் பின் ஏற்ற இறக்கங்கள் பல. 1964இல் செலவைக் குறைப்பதற்காக ரெஜைனா, எட்மன்டன், லண்டன் ஆகிய நகரங்களின் பிரிவுகள் உட்படச் சில மூடப்பட்டு, பின்னர் மீண்டும் திறக்கப்பட்டன. 1990களில் கிங்ஸ்ரன் வகைக் கரையோரக் கப்பல்கள் பன்னிரண்டு கட்டப்பட்டபோது, அவற்றை ஓட்டும் பொறுப்பு பெரும்பாலும் சேமப்படையினரிடமே கொடுக்கப்பட்டது. 55 மீற்றர் நீளமுள்ள அந்தச் சிறிய கப்பல்கள் கரீபியன் கடலில் போதைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் பணிவரை சென்றுவந்தன.

நான் சேர விரும்புகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அம்மா சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போய்விட்டார். இலங்கைப் போர்க்காலத்தில் வடக்கின் கரையோர ஊரொன்றில் வளர்ந்த அவருக்குச் சீருடை என்றாலே நெஞ்சு படபடக்கும். “பிள்ளை, உலகத்திலை எத்தினை வேலை இருக்கு, உனக்கு உந்த உடுப்பு என்னத்துக்கு?” என்று பிறகு கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. அதை வாதாடிப் போக்க முடியாது. விண்ணப்பப் பத்திரத்தைவிட இந்த உரையாடலுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள் என்று ஈழத்துக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வேன். சேமப்படையினர் வெளிநாட்டுப் பணிக்குச் செல்வது நடைமுறையில் அவரவர் விருப்பத்தின் பேரில்தான் என்பதையும், பெரும் அவசர நிலையில் சட்டப்படி அரசு அழைக்கலாம் என்பதையும் இரண்டையுமே மறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன். குடும்பத்தினருக்கான ஒரு நிகழ்வுக்கு அவரை அழைத்துப் போனேன். பல நாட்டுத் தாய்மாரோடு அவர் நின்று கதைத்ததும், தண்ணீரில் விழுந்தவரை மீட்கும் ஒத்திகையைப் பார்த்ததும், வெள்ளப் பெருக்குக் காலங்களில் சேமப்படையினரும் மணல்மூட்டை அடுக்கப் போகிறார்கள் என்று கேட்டறிந்ததும் என் விளக்கங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் உதவின. முழுமையாக மனம் மாறினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சி மாலைகளில் எனக்குச் சாப்பாட்டை நேரத்தோடு கட்டித் தரத் தொடங்கினார்.

பயிற்சி, இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் முடியும்வரை வாரத்தில் ஒரு மாலையும் சில வார இறுதிகளும் நடக்கும். கோடையில் முழுநேரப் பாடநெறிகள். முதலில் உடற்தகுதி. கனேடியப் படையினர் அனைவருக்கும் பொதுவான தேர்வில் நான்கு பகுதிகள் உண்டு. அவற்றில் ஒன்று 20 கிலோ மணல்மூட்டையை மூன்றரை நிமிடத்துக்குள் 30 முறை தூக்குவது. இன்னொன்று 20 மீற்றர் தூரத்தை விழுந்தெழுந்து நான்கு முறை ஓடி, மொத்தம் 80 மீற்றரை 51 விநாடிக்குள் கடப்பது. ஓட்டம் மட்டும் பழகினால் மூட்டையில் மூச்சுப் பிடிக்கும். வீட்டில் 20 கிலோ அரிசி மூட்டை இருந்தால் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் பழகுவது போதும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்கப் பழகினால் கப்பலிலும் அந்தப் பழக்கம் உதவும்.

யோர்க்கின் பயிற்சித் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் கயிறு வீசுவது. கப்பல் துறையை நெருங்கும்போது தடித்த கட்டுக்கயிற்றை நேரடியாக எறிய முடியாது. முனையில் பாரம் கட்டிய மெல்லிய கயிற்றை முதலில் வீசி, அதைப் பிடித்தவர் தடித்ததை இழுத்துக்கொள்ள வேண்டும். சுருளை இரண்டாகப் பிரித்து, பாரமுள்ள பாதியை வீசும் கையிலும் மீதியை மற்றக் கையில் விரித்த உள்ளங்கையிலும் வைக்க வேண்டும். உள்ளங்கையை மூடினால் கயிறு பாதிவழியில் நின்றுவிடும். வீசும் கையின் வலிமையைவிட மற்றக் கை விட்டுக்கொடுப்பதே தூரத்தைத் தீர்மானிக்கிறது. இந்த ஓர் அசைவை மாலை முழுவதும் செய்தோம். சுருள்கள் ஒரே அளவில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விழும்வரை பயிற்றுநர் விடவில்லை. மழையில், வழுக்கும் இரும்புத் தளத்தில், துறையில் நிற்பவர் கை நீட்டிக் காத்திருக்கும்போது யோசித்துச் செய்ய அவகாசம் இருக்காது என்பது பின்னாளில் கடலில் தெரிந்தது. தரையில் நடக்கும் ஒத்திகையைச் சிலர் குறைவாக மதிக்கிறார்கள். என் அனுபவத்தில், கடலில் நிதானமாக வேலை செய்தவர்கள் எல்லோரும் தரையில் சலிப்பில்லாமல் பழகியவர்கள்தான்.

கயிற்றோடு தொடர்புடைய பாதுகாப்புப் பாடங்களில் சிலவற்றை நம்மவர்களுக்கென்றே அழுத்திச் சொல்ல வேண்டும். மோதிரம், காப்பு, தாலிக்கொடி, கைக்கயிறு எதுவும் வேலையின்போது உடம்பில் இருக்கக் கூடாது. ஓடும் கயிற்றில் மோதிரம் மாட்டினால் விரலையே பிய்த்துவிடும். நேர்த்திக்குக் கட்டிய நூலை அவிழ்க்க மனமில்லாத பிள்ளைகள் அதை முன்கூட்டியே வீட்டில் பேசித் தீர்த்துக்கொண்டு வருவது நல்லது. தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். இழுவிசையில் இருக்கும் கயிற்றுக்கு நேர்கோட்டில் நிற்காதீர்கள். அது அறுந்தால் மின்னலாகத் திரும்பி அடிக்கும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே வேண்டாம்.

ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதத்து வெயிலைப் பார்த்து ஒன்ராறியோ ஏரியும் சூடாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்து. குளிர்நீர் ஆபத்தைப் பற்றி மனிதோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லித்தரும் 1-10-1 என்ற கணக்கை எங்கள் படகுப் பயிற்சியில் மனப்பாடமாக்கினார்கள். விழுந்தவுடன் வரும் மூச்சுத்திணறலை அடக்கிக்கொள்ள 1 நிமிடம், கையும் விரலும் சொன்னதைக் கேட்கும் காலம் ஏறத்தாழ 10 நிமிடம், உடல்வெப்பம் குறைந்து நினைவு தப்பும்வரை ஏறத்தாழ 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் நீந்த முயலாமல் முகத்தை நீருக்கு வெளியே வைத்து மூச்சை ஒழுங்குபடுத்துவதே வேலை. உயிர்காப்புச் சட்டை இல்லாதவர்களில் பலர் உடல்வெப்பம் குறைவதற்கு முன்பே மூழ்கிவிடுகிறார்கள். படையில் சேராதவர்களும், கோடையில் வாடகைப் படகெடுக்கும் குடும்பங்களும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நீச்சல் தெரியாமல் வந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன், ஆனால் நகரசபையின் நீச்சல் வகுப்பில் முன்பே சேர்ந்து பழகி வந்தவர்கள் பயமின்றி இருந்தார்கள்.

ஹலிஃபாக்ஸில் சேதக் கட்டுப்பாடும் தீயணைப்பும் கற்பிக்கும் கூடத்துக்குக் கூற்றெனேய் என்று பெயர். 1969 ஒக்ரோபர் 23 அன்று ஆங்கிலக் கால்வாயின் அருகே அந்தப் பெயருடைய கப்பலின் என்ஜின் அறையில் பற்சக்கரப் பெட்டி வெடித்து 9 பேர் இறந்தார்கள். இன்றைய தீயணைப்பு விதிகளில் பல அந்த விபத்துக்குப் பின் வந்தவை. அங்கே கப்பலின் உள்ளறையைப் போலவே அமைத்த ஓர் அறைக்குள் எங்களை நிறுத்தி, சுவரின் வெடிப்புகளால் தண்ணீரைப் பீச்சியடிக்க விட்டார்கள். நீர் முழங்காலுக்கு ஏறும்போது கையில் இருப்பது மெல்மர ஆப்புகள், துணி, சுத்தியல். ஆப்பைத் துணியில் சுற்றி வெடிப்பில் வைத்து அடிக்க வேண்டும். மெல்மரம் நனைந்து ஊதி இடைவெளியை நிரப்பும். அளவுக்கு மிஞ்சி அடித்தால் வெடிப்பு நீண்டுவிடும். எல்லோரும் ஒரே ஓட்டையை நோக்கிப் பாய்வதுதான் அங்கே இயல்பாக நடப்பது. ஒருவர் பின்னால் நின்று, எந்த இடம், எவ்வளவு பெரிது, எவ்வளவு நீர் என்று உரக்கச் சொல்லத் தொடங்கியதும் குழப்பம் அடங்கியது. அதைச் சொன்னவர் எங்களில் மிகவும் மெதுவாகப் பேசும் பெண். யோர்க்கில் வாராவாரம் அறிக்கை சொல்லிப் பழகிய குரல் அது.

பிறகு கடல். முதல் இரவுகளில் குமட்டல் வரும். வெறும் வயிறு அதைக் கூட்டும். பிஸ்கற், இஞ்சி, சிறிது சிறிதாகத் தண்ணீர், முடிந்தபோது அடிவானத்தைப் பார்ப்பது, இவை எனக்கு உதவின. காவல்முறை நள்ளிரவு 12 முதல் 4 வரை வந்தால், இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் தூக்கத்துக்கே கொடுங்கள். கைபேசியில் செலவிட்ட ஒரு மணி நேரம் அடுத்த காவலில் கண்ணை மூடும். மரக்கறி உண்பவர்களுக்கு உணவு கிடைக்கும், ஆனால் புறப்படுமுன்பே சமையல் பிரிவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

விண்ணப்பிப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை ஆவணங்களைத் திரட்டுவது. 2022 நவம்பர் முதல் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் கனேடியப் படைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தின் முகவரிகள், பள்ளிச் சான்றுகள், தொடர்புகொள்ளத்தக்க ஆட்களின் விவரங்கள் எல்லாம் பாதுகாப்புச் சோதனைக்குத் தேவைப்படும். இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்த முகவரிகளை நினைவுகூர்வதே பெரும் வேலை. அப்பா, அம்மா, மாமாமாரிடம் கேட்டு, மாதவாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சோதனைக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காக மனம் தளர வேண்டாம்.

படிப்பையும் வேலையையும் பற்றி: கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சேமப்படை திருப்பித் தரும் திட்டம் உண்டு. பாடநெறி தொடங்குமுன் அனுமதி பெற வேண்டியிருப்பதால் பிரிவின் அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். ஒன்ராறியோவில் வேலை செய்பவர்களுக்குச் சேமப்படைப் பணிக்கென வேலையைப் பாதுகாக்கும் விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. அது சம்பளமில்லாத விடுப்பு. கோடைப் பயிற்சியின் திகதி கிடைத்த அன்றே மேலாளருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் எழாது. பல்கலைக்கழக மாணவர்கள் டிசம்பர், ஏப்ரல் தேர்வு அட்டவணையைப் பிரிவில் கொடுத்து வைத்தால் வார இறுதிப் பயிற்சிகளை அதற்கேற்ப ஒழுங்குபடுத்த உதவுவார்கள்.

இன்னும் முடிவெடுக்காதவர்கள் ஹமில்ரனுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஹைடா என்ற இரண்டாம் உலகப்போர் நாசகாரி, பல ஆண்டுகள் ரொறன்ரோ ஏரிக்கரையில் நின்றுவிட்டு, 2003 முதல் அங்கே ஸ்ரார் சேமப்படைப் பிரிவுக்கு அருகே கட்டப்பட்டிருக்கிறது. கோடையில் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். மாலுமிகள் தூங்கிய இடத்தின் அகலத்தையும், ஒரு தளத்திலிருந்து மற்றத் தளத்துக்கு இறங்கும் ஏணியின் செங்குத்தையும் உங்கள் உடம்பாலேயே அளந்து பாருங்கள். இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்தபடி இருக்கட்டும், இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்கட்டும், பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.